ஒரு மாத்திரையின் பின்னே பல கைகள்

புதிய மருந்து ஒன்று வெளிவந்தது என்ற செய்தியைக் கேட்டதும், அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினவுவது நம் வழக்கம். அம்மைப் பாலுக்கு ஜென்னர், பெனிஸிலினுக்குப் பிளெமிங் என்று மருந்துக்கு ஒரு பெயராக மனப்பாடம் செய்து பழகிவிட்டோம். பிளெமிங் கண்ட பூஞ்சணத்தை மருந்தாக்கித் தந்த பிளோரியையும் செயினையும் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? புற்றுநோய் மருந்துகளின் வரலாறோ இந்தப் பழக்கத்துக்குச் சற்றும் இடங்கொடுப்பதில்லை. 2001-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்ற இமாடினிப் என்னும் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதனை ஆக்கியவர்களை எண்ணப் புகுந்தால் கைவிரல்கள் போதா. பிலடெல்பியா, சிக்காகோ, ராட்டர்டாம், பாஸ்டன், பாஸல், போர்ட்லண்டு எனப் பல ஊர்களில் நாற்பது ஆண்டுகளாக நடந்த வேலை அது. அவ்வேலையில் ஈடுபட்டவர்களிற் பலர், தாம் ஒரு மருந்தைத் தேடுகிறோம் என்பதையே அறியாதிருந்தனர்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். 1845-ஆம் ஆண்டில் எடின்பரோவில் பென்னெட்டும் பெர்லினில் விர்ச்சோவும், இறந்தவர்களின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகியிருந்ததைத் தனித்தனியே கண்டு எழுதினர். வெண்குருதி என்று பொருள்படும் லூக்கீமியா என்ற பெயரை 1847-இல் விர்ச்சோ இட்டார். இவ்விரத்தப் புற்றில் பல வகைகள் உண்டு. நாம் இங்கே பேசுவது, மெல்ல வளர்ந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்வரை நோயாளியை நடமாட விட்டு, பின்னர் திடீரெனச் சீறி எழுந்து உயிரைக் கவரும் நாட்பட்ட மைலாய்டு லூக்கீமியா என்னும் வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்குப் பாஷாணம் கொடுத்தார்கள். பின்னர் எக்ஸ் கதிர் பாய்ச்சினார்கள். 1953 முதல் பியூசல்பான் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்கியது, நோய் போகவில்லை.

ஏன் போகவில்லை? காலராக் கிருமியையோ காசநோய்க் கிருமியையோ கொல்ல வேண்டுமானால், அது நம் உடலினின்றும் வேறான பிராணி. அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஏதேனும் ஓர் உறுப்பைக் கண்டு அதன்மேல் மருந்தை ஏவலாம். புற்றணுவோ நம் வீட்டிலேயே பிறந்து நம் சோற்றையே உண்டு வளர்வது. அதற்கு மட்டும் உரியதாய், ஏனைய அணுக்களுக்கு இல்லாததாய் ஓர் அடையாளம் கிடைத்தாலன்றி, மருந்து எதைக் குறிவைக்கும்? அந்தக் குறியைத் தேடிய கதையே இந்த மாத்திரையின் கதை.

அது ஒரு குழாயடியில் தொடங்கியது எனலாம். 1956-இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்துக்கு வந்த பீட்டர் நோவல் என்ற இளம் வைத்தியர், இரத்தப் புற்று நோயாளிகளின் அணுக்களைச் சோதனைக் கூடத்தில் வளர்த்துவந்தார். கண்ணாடித் தகட்டில் படிந்த அணுக்களை ஒருநாள் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசிச் சாயமிட்டார். உப்பற்ற அந்த நீர் உட்புகவே அணுக்கள் பருத்தன. பின்னிக் கிடந்த குரோமோசோம்கள் தனித்தனியாக விரிந்து நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் தெளிவாகத் தெரிந்தன. அணுக்களை விரிக்கும் இந்த உபாயத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஆய்வாளர் கண்டிருந்தனர். நோவல் அதை அறியார். குரோமோசோம்களைப் பற்றியும் அவருக்கு அதிகம் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிப் போனதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதே நகரில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், மனிதக் குரோமோசோம்களைப் பட்டப்படிப்பின் பொருளாகக் கொண்டு உழைத்துவந்த டேவிட் ஹங்கர்போர்டு என்ற மாணவர் கிடைத்தார். மனிதனுக்குக் குரோமோசோம்கள் 46 என்பதே 1956-இல்தான் உறுதிப்பட்டிருந்த காலம் அது.

இருவரும் கூர்ந்து பார்த்ததில், இந்த நோயாளிகளின் புற்றணுக்களில் குரோமோசோம் ஒன்று அளவில் மிகக் குறுகி, வால் வெட்டுண்டதுபோல் இருந்தது. 1960-ஆம் ஆண்டில் ஏழு நோயாளிகளைப் பற்றிய ஒரு சிறு குறிப்பாக அதனை வெளியிட்டார்கள். கண்ட ஊரின் பெயரால் அது பிலடெல்பியாக் குரோமோசோம் ஆயிற்று. புற்று வகை ஒன்றுக்கு, அதனைத் தாங்கும் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் காணும் ஒரே அடையாளம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஆயினும் அறிஞர் உலகம் ஆரவாரிக்கவில்லை. குரோமோசோம் குறைந்ததால் புற்று வந்ததா, புற்று வந்ததால் குரோமோசோம் சிதைந்ததா என்று யாரால் கூற முடியும்? வெட்டுண்ட துண்டுதான் எங்கே போயிற்று? பதின்மூன்று ஆண்டுகள் இக்கேள்விகளுக்கு விடையில்லை.

விடை ஓர் உணவு மேசையின்மேல் கிடைத்தது. சிக்காகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி, நான்கு புதல்வர்களை வளர்த்துக்கொண்டே பகுதி நேரம் ஆராய்ச்சி செய்தவர். ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த காலத்தில், குரோமோசோம்களில் ஒளிரும் சாயமேற்றி அவற்றின் பட்டை பட்டையான கோலங்களைக் கொண்டு இனங்காணும் புதிய முறையைக் கற்றுவந்தார். ஊர் திரும்பியபின் குரோமோசோம்களின் புகைப்படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, மேசைமேல் இணை சேர்த்து அடுக்குவார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அவ்வாறு அடுக்கியபோது, 22-ஆவது குரோமோசோமில் குறைந்த துண்டளவுக்கு 9-ஆவது குரோமோசோமின் நுனி நீண்டிருப்பதைக் கண்டார். துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருந்தது. இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, உடைந்த முனைகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. 1973-இல் இது வெளியாயிற்று.

இனி சற்று வேறு பாதைக்குச் செல்லவேண்டும். அப்பாதையில் நடந்தவர்கள் மனித நோயாளிகளைப் பற்றி நினைக்கவேயில்லை. அவர்கள் பார்த்தது சுண்டெலிகளை. எலிகளுக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸை 1970-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஏபல்சன் என்பவர் தம் துணைவர் லூயிஸ் ராப்ஸ்டைனுடன் விவரித்தார். அந்த வைரஸ், எலியின் மரபணு ஒன்றைத் தன்னோடு திருடிச் செல்கிறது என்பது பின்னர் தெரிந்தது. ஏபல்சன் பெயரைச் சுருக்கி அம்மரபணுவுக்கு ஏபிள் என்று பெயரிட்டனர். அது ஆக்கும் புரதம் என்ன செய்கிறது என்பதை, பால்டிமோரின் கூடத்தில் ஓவன் விட் முதலியோர் 1980-இல் கண்டனர்: பிற புரதங்களின்மேல் பாஸ்பேட் என்னும் அணுக்கூட்டத்தை ஒட்டுகிறது, அதுவும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மேல். டைரோசினில் பாஸ்பேட் ஒட்டும் என்பதையே அதற்கு முன் ஆண்டில்தான் கலிபோர்னியாவில் டோனி ஹண்டர் கண்டிருந்தார். அவர் கண்டதும் ஒரு சோம்பலின் பயன். சோதனைக்குரிய கரைசலைப் புதிதாகக் கலக்காமல் பழையதையே மீண்டும் பயன்படுத்தினார்; அதன் அமிலத்தன்மை சற்று மாறியிருந்ததனால், வழக்கமாக ஒன்றாகக் கலந்து தெரியும் இரண்டு புள்ளிகள் பிரிந்து தெரிந்தன. சோம்பலைப் போற்றுவதற்காக இதைக் கூறவில்லை. பிரிந்து தெரிந்ததை அலட்சியம் செய்யாத கண்ணைப் போற்றுகிறோம்.

எலியின் பாதையும் மனிதனின் பாதையும் 1982-இல் சந்தித்தன. மனிதனிடமும் ஏபிள் மரபணு உண்டு. அது 9-ஆவது குரோமோசோமில் இருந்தது. அப்படியானால் இடம் மாறிய துண்டோடு அதுவும் போயிருக்குமோ? அம்மரபணுவைத் தேடிப் பிடிக்கும் தூண்டில் அமெரிக்காவின் மேரிலண்டு மாநிலத்தில் ஹைஸ்டர்காம்ப், குரோபென், ஸ்டீபென்சன் ஆகியோரிடம் இருந்தது. பிலடெல்பியாக் குரோமோசோமை மட்டும் பிரித்துத் தாங்கிய கலப்பு அணுக்கள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தாரிடம் இருந்தன. தூண்டில் ஒருவரிடம், குளம் ஒருவரிடம். இருவரும் தம்மிடம் இருந்ததைப் பொதுவில் வைத்தார்கள். பத்துப் பேர் பெயர்தாங்கி வெளிவந்த அவ்வாண்டின் கட்டுரை, ஏபிள் மரபணு பிலடெல்பியாக் குரோமோசோமுக்குக் குடிபெயர்ந்ததை மெய்ப்பித்தது. அது போய் ஒட்டிக்கொண்ட இடத்துக்கு 1984-இல் பி.சி.ஆர். என்று பெயரிட்டனர். ஒட்டுப்போட்ட மரபணு, ஒட்டுப்போட்ட புரதம் ஒன்றை ஆக்குகிறது. நல்ல ஏபிள் புரதம் வேண்டியபோது மட்டும் வேலை செய்து அடங்கும், ஒட்டுப்போட்டதோ அடங்குவதேயில்லை. இராப்பகலாக அணுவைப் பெருகு பெருகு என்று ஏவிக்கொண்டேயிருக்கிறது. 1990-இல் டேலி, வான் எட்டென், பால்டிமோர் மூவரும் இந்த ஒரே மரபணுவை எலிகளின் எலும்பு மச்சையில் ஏற்றியபோது, எலிகளுக்கு மனிதனின் நோயை ஒத்த நோயே வந்தது. நோவல் காலத்துக் கேள்விக்கு முப்பதாண்டுகளுக்குப் பின் விடை கிடைத்தது: அந்தக் குறையே காரணம், விளைவன்று.

குறி அகப்பட்டது, அம்பு வேண்டும். ஒட்டுப் புரதம் பிற புரதங்களின்மேல் வைக்கும் பாஸ்பேட்டை எங்கிருந்து எடுக்கிறது? ஏ.டி.பி. எனச் சுருக்கி அழைக்கப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட் என்ற பொருளிலிருந்து. புரதத்தில் ஒரு சிறு குழி உண்டு, ஏ.டி.பி. அதில் வந்து அமர்ந்து ஒரு பாஸ்பேட்டைக் கொடுத்துச் செல்லும். இந்த ஏ.டி.பி.யை 1929-இல் முதன் முதலாகப் பிரித்துக் கண்டவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நேயர்கள் அறிவது நன்று. ஹார்வர்டில் பிஸ்கேயுடன் அவரும், ஜெர்மனியில் லோமன் தனித்தும் அவ்வாண்டிலேயே கண்டார்கள். பின்னாளில் சுப்பாராவின் குழுவினர் ஆக்கியளித்த அமினோப்டெரின் என்ற மருந்தினாலேயே, பாஸ்டன் நகரத்துப் பார்பர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளிற் சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் காலமானார். தாம் கண்ட ஏ.டி.பி.யின் ஆசனத்தைப் பறிப்பதே ஒரு நாள் புற்றுக்கு மருந்தாகும் என்பதை அவர் எப்படி அறிந்திருக்க முடியும்?

அந்த ஆசனத்தைப் பறிக்கலாம் என்று சொன்னபோது நகைத்தவர்களே அதிகம். உடலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட புரதங்கள் இவ்வாறே ஏ.டி.பி.யைக் கொண்டு பணி செய்கின்றன. எல்லாவற்றிலும் குழி உண்டு. ஒன்றை அடைக்கப் போய் அனைத்தையும் அடைத்தால் நோயாளி என்ன ஆவார்? இந்த அச்சத்தை முதலில் உடைத்தவர்களில், இத்தகைய புரதங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்து தடுக்கும் பொருள்களை 1988-இல் வெளியிட்ட ஜெருசலேம் நகரத்து லெவிட்ஸ்கியையும் அவர் தோழர்களையும் மறப்பது நியாயமன்று. மாத்திரையின் கதையைச் சொல்வோர் பலர் அவர்களைச் சொல்லாமலே தாண்டிவிடுகிறார்கள்.

ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் சீபா-கெய்கி என்ற மருந்து நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டர், நிக் லைடன் ஆகியோர் இதே முயற்சியில் இறங்கியிருந்தனர். யூர்க் ஸிம்மர்மன் என்ற இரசாயன நிபுணர் மூலப் பொருளொன்றை எடுத்துக்கொண்டு, இங்கொரு கிளையைக் கூட்டி அங்கொன்றைக் குறைத்து, நூற்றுக்கணக்கான மாற்றுருவங்களை ஆக்கிப் பார்த்தார். மெதைல் என்னும் மிகச் சிறிய அணுக்கூட்டம் ஒன்றைத் தக்க இடத்தில் சேர்த்தவுடன், மருந்து வேண்டாத புரதங்களை விட்டு விலகி ஏபிள் புரதத்தையே நாடிற்று. மற்றொரு கூட்டத்தைச் சேர்த்தபின் நீரில் கரைந்து, வாய்வழியே உண்ணத் தக்கதாயிற்று. நிறுவனத்தில் இரசாயனம் இருந்தது, நோயாளி இல்லை. நோயாளியை அறிந்தவர் பாஸ்டனில் இருந்த பிரையன் டிரக்கர் என்ற வைத்தியர். லைடனும் அவரும் 1980-களின் பிற்பகுதியிலேயே அறிமுகமானவர்கள். ஆனால் டிரக்கர் பணிபுரிந்த நிலையம் சாண்டோஸ் என்ற வேறொரு மருந்து நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டதால், இருவரும் சேர்ந்து வேலை செய்ய வழியில்லாமற் போயிற்று. 1993-இல் டிரக்கர் போர்ட்லண்டு நகருக்குப் பெயர்ந்தார். பெயர்ந்ததும் லைடனைக் கூப்பிட்டு, கைவசமிருந்த பொருள்களை அனுப்பச் சொன்னார். அவற்றுள் ஒன்று, சோதனைத் தட்டில் புற்றணுக்களின் வளர்ச்சியை 92 முதல் 98 சதவீதம்வரை ஒடுக்கி, நல்ல அணுக்களைத் தொடாமல் விட்டது. 1996-இல் இது வெளியான அதே ஆண்டில், சீபா-கெய்கியும் முன்பு குறுக்கே நின்ற சாண்டோஸும் ஒன்றாகி நோவார்டிஸ் ஆயின! ஒப்பந்தங்கள் பிரித்தவர்களை வணிகம் சேர்த்துவைத்தது ஒரு வேடிக்கைதான்.

ஆயினும் மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க நிறுவனம் தயங்கிற்று. இந்த நோயுடையோர் சிலரே. விற்பனை எத்தனை இருக்கும்? பிராணிகளிடம் கண்ட சில தீய விளைவுகளும் தயக்கத்துக்குக் காரணமாயின. டிரக்கர் விடாமல் வற்புறுத்தினார். 1998 ஜூன் மாதத்தில் போர்ட்லண்டில் டிரக்கர், லாஸ் ஏஞ்சலிஸில் சாயர்ஸ், ஹூஸ்டனில் டால்பாஸ் மூவரும் சோதனையைத் தொடங்கினர். முன்னைய சிகிச்சை பலிக்காதவர்களையே சேர்த்தார்கள். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்தம் இயல்பு நிலைக்குத் திரும்பியது. செய்தி பரவவே, மருந்தை விரைந்து ஆக்கித் தருமாறு மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் நிறுவனத் தலைமைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் திரட்டியவர் ஒரு நோயாளி. அடுத்து நடந்த பெரும் சோதனையில் 16 நாடுகளைச் சேர்ந்த 1,106 நோயாளிகள் பங்கு கொண்டனர். அவர்களுள் முதலிலிருந்தே இம்மருந்தை உண்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்ததாகக் கணக்கிடப்பட்டது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்று வைத்தியர்கள் தவணை சொன்ன நோய் இது.

பலர் கூடிக் கண்ட பொருள் யாருக்குச் சொந்தம் என்ற வினா, நம் நாட்டில்தான் கூர்மையாக எழுந்தது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி மருந்துப் பொருளுக்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை. 2005-இல் உலக வணிக ஒப்பந்தத்துக்கு இணங்க அது அனுமதிக்கப்பட்டது. ஆனால், அறிந்த பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலை மிகுவித்தாலன்றிப் புதுமையாகாது என்று 3(டி) என்ற பிரிவையும் நம் பாராளுமன்றம் சேர்த்து வைத்தது. இமாடினிப்பின் படிக வடிவமொன்றுக்கு நோவார்டிஸ் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தந்திருந்த விண்ணப்பம் 2006 ஜனவரியில் தள்ளப்பட்டது. அப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதி மன்றம் 2007-இல் தள்ளிற்று. மும்பையிலுள்ள புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒரு பக்கமும் நிறுவனம் மறுபக்கமுமாக வழக்கு தில்லி வரை சென்று, 2013 ஏப்ரல் முதல் நாள் உச்சநீதி மன்றத்தில் முடிந்தது, நிறுவனம் தோற்றது. மாதச் செலவு நிறுவனத்தின் மருந்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய், உள்நாட்டு மருந்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாய் என்று அந்நாளில் பேசப்பட்டது. நிறுவனம் பல்லாயிரம் ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து வழங்கியதையும் கூறாவிடில் வரலாறு முழுமை பெறாது. ஆனால் தானமாகப் பெறுவது வேறு, வாங்கும் விலையில் கடையில் கிடைப்பது வேறு. குழாயடியில் தொடங்கி உணவு மேசை வழியாக வந்த அறிவில் பெரும் பங்கு பொதுப் பணத்தாலும் திறந்த மனத்தாலும் விளைந்தது என்பதை எண்ணும்போது, தீர்ப்பின் பக்கமே நம் மனம் சாய்கிறது.

மருந்து வெற்றி பெற்ற ஆண்டிலேயே அதன் எல்லையும் தெரிந்தது. சிலருக்கு நோய் தணிந்து மீண்டும் தலை தூக்கியது. சாயர்ஸின் குழுவினர் 2001-இல் அதன் காரணத்தைக் கண்டனர்: குழியின் சுவரில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறி, மருந்துக்கு இடமில்லாமற் செய்துவிட்டது. அதற்கு முன் ஆண்டில்தான் நியூயார்க்கில் குரியன் குழுவினர், மருந்து குழிக்குள் எவ்வாறு அமர்கிறது என்பதைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் படம் பிடித்துக் காட்டியிருந்தனர். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மாற்றம் எங்கே இடர் செய்கிறது என்று உடனே அறிய முடிந்தது. 2006-இல் டாசாடினிப், 2007-இல் நிலோடினிப் என மருந்துகள் வந்தன. எனினும் அந்த ஒரு மாற்றம் அவற்றுக்கும் மசியவில்லை. 2012-இல் வந்த போனாடினிப்பே அதனை வென்றது. 2021-இல் ஒப்புதல் பெற்ற அசிமினிப், ஏ.டி.பி.யின் ஆசனத்தையே நாடாமல் புரதத்தின் வேறொரு குழியைப் பற்றுகிறது. நோவல் 2016-லும், ரௌலி 2013-லும், ஹங்கர்போர்டு 1993-லும் மறைந்தனர். தாம் கண்ட குரோமோசோமிலிருந்து பிறந்த மாத்திரையை மூவருள் ஹங்கர்போர்டு காணவில்லை.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டுமா? பிரான்சு நாட்டு வைத்தியர்கள், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒட்டு மரபணுவின் சுவடே தென்படாதிருந்த நூறு நோயாளிகளுக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவின்படி, ஓராண்டு கழிந்தபின்னும் ஏறத்தாழப் பத்தில் நால்வருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மருந்தை மீண்டும் கொடுக்கவே அது அடங்கியது. திரும்பாதவர்களின் உடலில் புற்றணு அடியோடு அழிந்துவிட்டதா, அல்லது ஏதோ ஒரு மூலையில் காவலுக்கு அடங்கி உறங்குகிறதா என்பதை அறிய, பல நாட்டு மருத்துவமனைகள் நோயாளிகளின் இரத்தத்தைக் குறித்த இடைவெளியில் எடுத்துச் சோதித்து வருகின்றன.